துறை மாறிய கரை

திருப்பூரில் என் வீட்டுக்கு எதிரே உள்ள லைன் வீடுகளில் ஒன்றில் ஏரல் அக்கா இருக்கிறார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சொந்த ஊரான ஏரலில் அவருக்கு ஒரு சின்ன ஜவுளிக்கடை இருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கடை போனது. பிறகு அவரும் பிள்ளைகளும் இங்கே வந்தார்கள். நான் தூத்துக்குடிப் பக்கம் போகிறேன் என்றதும் இரண்டு வேலை சொன்னார். "சேர்மன் சாமி கோயில்ல விபூதி வாங்கிட்டு வாம்மா. பாலத்த நல்லபடியா கெட்டிட்டாங்களான்னு பாத்துட்டு வா."

கடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஏரல்: கடைவீதி

ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வாழை. இடையிடையே அகத்தி மரங்களைப் பற்றி ஏறிய வெற்றிலைக் கொடிக்கால்கள். சாயம் ஓடிய நொய்யலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, பங்குனி வெயிலிலும் பச்சை மாறாத இந்தத் தாமிரபரணிக் கரை வேறு உலகமாகத் தெரிந்தது. ஆற்றின் வடகரையில் இருக்கிறது ஏரல். பேரூராட்சிதான், ஆனால் சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் இதுதான் கடைவீதி. கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுப்பதும், தாலிக்குப் பொன் உருக்குவதும், பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் துணி எடுப்பதும் இங்கேதான். கடைகளின் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டு நடந்தாலே ஊரின் கலவை புரிந்துவிடும். ஒரு பலகையில் முருகன் பெயர், அடுத்ததில் மாதா பெயர், அதற்கடுத்து பிறை.

அக்காவின் உறவினரான பாத்திரக்கடை அண்ணாச்சி, கருப்பட்டிக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். கடையின் பின்சுவரில், என் தோளுக்குச் சற்று மேலே, பழுப்பாக ஒரு கோடு. வெள்ளையடித்த பிறகும் அது மங்கலாகத் தெரிகிறது.

"இது வரைக்கும் தண்ணி. ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்துட்டு. கிறிஸ்மஸ் வருது, பொங்கல் வருதுன்னு எல்லாருமே சரக்க எடுத்து அடுக்கி வச்சிருந்தோம்."

2023 டிசம்பர் 17 அன்று விடியத் தொடங்கிய மழை அது. கடலோரத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஓராண்டில் பெய்யும் மழையை ஒரே நாளில் வானம் இறக்கிவைத்தது. குளங்கள் உடைந்தன, ஆறு ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோன செய்தியை நாடே பார்த்தது. ஏரலோ பாலத்தை ஒட்டிய சாலை அரித்துப்போய், மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல், தன் செய்தியைச் சொல்லக்கூட வழியில்லாமல் கிடந்தது.

அந்த நாட்களில் இங்கே சாதி மதம் பார்த்து யாரும் கதவைத் திறக்கவில்லை. செய்துங்கநல்லூரில் பள்ளிவாசலுக்குள் இந்துக் குடும்பங்கள் தங்கினார்கள். மாடி வீடு இருந்தவர்கள் கூரை வீட்டுக்காரர்களை மேலே ஏற்றிக்கொண்டார்கள். அண்ணாச்சி இதை எல்லாம் பெருமையாகவே சொன்னார். அப்புறம் குரல் தாழ்ந்தது.

"தண்ணி மூணு நாள்ல வடிஞ்சிட்டும்மா. வட்டிதான் இன்னும் வடியல."

அரசு நிவாரணமாகக் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் வந்தது. அது அடுப்பை மூட்டியது. ஆனால் நனைந்த சேலைகளுக்கும் சேறு புகுந்த தையல் மெஷினுக்கும் கணக்குக் காட்ட ரசீது வேண்டும். சின்னக் கடைகள் ரசீதில் ஓடுவதில்லை, நம்பிக்கையில் ஓடுகின்றன. மொத்த வியாபாரியிடம் கடன் சொல்லி எடுத்த சரக்கு அது. சரக்கு ஆற்றோடு போனது, கடன் மட்டும் கரையில் நின்றது. பெரிய கடைக்காரர்கள் நிலத்தை அடமானம் வைத்து எழுந்துவிட்டார்கள். வாடகைக் கடைக்காரர்கள் வாரக்கடனில் விழுந்தார்கள். அக்காவின் கடை இருந்த இடத்தை அண்ணாச்சி காட்டினார். இப்போது அது செல்போன் கடை.

ஏரல்: ஆற்றங்கரை

கடைவீதி முடிந்து ஆற்றங்கரைக்குப் போனால் சேர்மன் அருணாசல சுவாமி கோயில். தமிழ்நாட்டில் நான் பார்த்த தெய்வங்களில் பதவிப் பெயரோடு வணங்கப்படும் தெய்வம் இவர் ஒருவர்தான். மேலப்புதுக்குடியில் 1880இல் பிறந்தவர். 1906இல் ஏரலின் சேர்மனாகப் பொறுப்பேற்று, 1908 ஆடி அமாவாசை அன்று, இளம் வயதிலேயே மறைந்தார். இரண்டாண்டுகூட நிறையாத பதவி. அதில் அவர் காட்டிய நேர்மையை ஊர் மறக்கவில்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இந்தக் கரையில் கால் வைக்க இடமிருக்காது.

படித்துறையில் உட்கார்ந்தபோது ஒன்று தோன்றியது. அதே 1906இல்தான் இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அதே 1908இல்தான் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வை வென்றார்கள். ஆற்றங்கரையில் ஒரு நல்ல நிர்வாகி, கடற்கரையில் ஒரு மக்கள் தலைவர். நல்ல நிர்வாகத்துக்காக இந்த மண் எவ்வளவு ஏங்கியிருந்தால், அதைக் கொடுத்தவரைக் கோயில் கட்டிக் கும்பிடும்!

விபூதிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். தென்கரைக்குக் குரும்பூர்ப் பக்கம் வண்டிகள் போய்வந்துகொண்டிருந்தன. கீழே கணுக்கால் அளவுத் தண்ணீரில் பெண்கள் துணி துவைத்தார்கள். இந்த ஆறா அது என்று கேட்கத் தோன்றும் அமைதி.

கொற்கை

ஏரலுக்குக் கிழக்கே, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கொற்கையில் கடலைத் தேடினால் கிடைக்காது. ஒரு குளம், ஒரு பழைய வன்னி மரம், வெற்றிவேலம்மன் கோயில், சில தெருக்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இது. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளித் தள்ளி, இன்று ஊருக்கும் அலைக்கும் இடையே ஆறேழு கிலோமீட்டர்.

குளக்கரையில் ஆடு மேய்த்த பெரியவரிடம் பேச்சுக்கொடுத்தேன். "இங்கன கப்பல் நின்னதுன்னு சொல்லுதாங்க. உழும்போது சங்கு கிடைக்கும், நான் சின்னப்பிள்ளையில பொறுக்கியிருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு ஆட்டை அதட்டினார். அவருக்கு இன்றைய கவலை வாழைத்தார் விலை.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்ரேயக் கடல் பயணக் கையேடு, கொற்கையின் முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்லும்போது, அந்த வேலையில் தண்டனைக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டார்கள் என்கிறது. கொற்கை முத்து என்றதும் நமக்கு அரசியின் கழுத்து நினைவுக்கு வருகிறது. அதை எடுக்க மூச்சடக்கி மூழ்கியவனின் கழுத்து நினைவுக்கு வருவதில்லை. இந்தப் பயணம் முழுக்க அந்த வரி என்னோடு வந்தது.

பழையகாயல், உப்பளங்கள்

கொற்கையை மண் மூடியபோது துறை கடலை நோக்கி நகர்ந்தது. அடுத்து வந்தது காயல். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்து வியந்த செழிப்பான காயல், இன்றைய பழையகாயல்தான் என்று கால்டுவெல் கருதினார். குதிரைகள் வந்திறங்கிய துறை. அதையும் மண் மூடியது. இப்போது தூத்துக்குடி–திருச்செந்தூர் சாலையில் ஒரு பேருந்து நிறுத்தம். நிழலில் பதநீர் விற்றார்கள். பனையோலையை மடித்துப் பட்டையாக்கி அதில் ஊற்றித் தந்த பதநீரை, நுங்கு மிதக்க, நின்றபடி குடித்தேன். எங்கள் ஊரில் தென்னை உண்டு, இந்த ருசி இல்லை.

வடக்கே போகப் போகப் பச்சை வற்றி, நிலம் வெளுத்தது. முள்ளக்காடு தாண்டியதும் உப்பளங்கள். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளையும் இடம் இது. பாத்திகளில் வெயில் கண்ணைக் குத்தியது. ஆண்கள் உப்பை வார, பெண்கள் தலையில் சுமந்து கரையில் அம்பாரமாகக் கொட்டினார்கள். ஒரு அம்மா பாதத்தைத் தூக்கிக் காட்டினார். வெடிப்புகளுக்குள் உப்பு ஏறிச் சிவந்திருந்தது. பள்ளர், பறையர், நாடார், பரவர் எனப் பல சமூகத்துப் பெண்களும் இங்கே ஒரே பாத்தியில் நிற்கிறார்கள். வெயில் யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

"மழ வந்தா வேல கிடையாது. ஐப்பசி, கார்த்திக, மார்கழி என்ன செய்ய? வட்டிக்கு வாங்கித் திங்கோம். தையில திரும்ப வந்து அடைக்கோம்."

மழைக்காலத்துக்கென 5,000 ரூபாய் தர அரசு முன்வந்தது நல்ல தொடக்கம். மூன்று மாதப் பசிக்கு அது ஒரு கைப்பிடி. ஒன்பது மாத உழைப்பு மூன்று மாதக் கடனுக்கே போய்விட்டால், பிள்ளையின் படிப்புக்கு எந்த மாதம் மிஞ்சும்?

தூத்துக்குடி: கடற்கரைச் சாலை

மாலையில் கடற்கரைச் சாலை. 1713இல் எழுந்த பனிமய மாதா பேராலயத்தின் வெள்ளைக் கோபுரங்களில் கடைசி வெயில். பதினாறாம் நூற்றாண்டில் கிறிஸ்தவம் தழுவிய பரவர் குலத்தின் தாய்க்கோயில் இது. ஆடி மாதத் திருவிழாவில் ஆகஸ்ட் 5 அன்று இந்துக்களும் முஸ்லிம்களும்கூட மாதாவுக்கு நேர்ச்சை செலுத்த வருகிறார்கள். வாசலில் பூ விற்ற அம்மா தன் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்.

பழைய துறைமுகத்தில் தோணிகள் நின்றன. ஒவ்வொன்றும் சுமார் 300 டன் சுமக்கும் மரக்கப்பல். ஒரு காலத்தில் கொழும்புக்கு ஓடியவை. இப்போது காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன. இந்தத் தோணிக்காரர்களின் வாழ்வைத்தான் ஜோ டி குருஸ் 'கொற்கை' நாவலாக எழுதினார். அதற்கு 2013இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தோணியைச் செலுத்தும் தலைவனுக்குத் 'தண்டல்' என்று பெயர். அந்தியில் வீடு வீடாக வட்டி வசூலிப்பதற்கும் இந்த ஊரில் 'தண்டல்' என்றுதான் பெயர். கடலுக்குப் போகும் தண்டல்கள் குறைந்துவிட்டார்கள். தெருவுக்கு வரும் தண்டல்கள் கூடிவிட்டார்கள்.

இங்கும் துறை நகர்ந்தது. 1974இல் தெற்கே புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இன்று அது வ.உ.சி. பெயரைத் தாங்கி நிற்கிறது. பெட்டகக் கப்பல்கள் அங்கே வருகின்றன. 2025 ஆகஸ்டில் நகருக்கு அருகே வியட்நாம் நிறுவனமான வின்ஃபாஸ்ட்டின் மின்கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. தெற்கே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் எழுகிறது. இவை எல்லாம் வரட்டும், வரவேண்டும். ஆனால் கொற்கையில் துறையை நகர்த்தியது வண்டல். அதற்குப் பல நூறு ஆண்டுகள் ஆயின. இங்கே ஒரு தலைமுறைக்குள் மனிதர்களே நகர்த்திவிட்டார்கள். முதலும் எந்திரமும் துறையோடு சேர்ந்து நகர்ந்தன. உடம்பை மட்டும் முதலாக வைத்திருந்தவர்கள் பழைய கரையிலேயே நிற்கிறார்கள்.

இரவுச் சாப்பாடு 'நைட் கிளப்'பில். வெளியூர்க்காரர்கள் திடுக்கிட வேண்டாம். தூத்துக்குடியில் புரோட்டாக் கடைக்கு அதுதான் பெயர். மொறுமொறுவென்று பொரித்த புரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, மேலே சால்னாவை ஊற்றிக் குளிப்பாட்டுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் லுங்கி கட்டிய தோணித் தொழிலாளி, துறைமுகத்து ஓட்டுநர், கல்லூரி மாணவர்கள். முந்திரிப்பருப்பும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ந்த மக்ரூன் அரைக் கிலோ, அக்காவின் பிள்ளைகளுக்காக வாங்கிக்கொண்டேன்.

திரேஸ்புரம்

மறுநாள் விடிகாலை திரேஸ்புரம். நகரின் வடகோடியில் நாட்டுப்படகுக்காரர்களின் பகுதி. கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து மூவரும் தோளோடு தோள் இடிக்கும் தெருக்கள். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. பாறை மீனும் ஊளி மீனும் மணலில் குவிந்திருக்க, ஏலக்காரர் விலையைப் பாட்டுப்போல் ஏற்றினார். கூடைக்காரப் பெண்கள் சுற்றி நின்றார்கள். பெரிய மீன் எல்லாம் ஏற்றுமதிக்காரர் கைக்குப் போனது. மிச்சம் இருந்ததுதான் கூடைக்கு வந்தது.

படகுக்காரர் ஒருவர் கணக்கைச் சொன்னார். வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். அதனால் மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. முன்பணம் அடைகிற அளவுக்கு மீன் படுவதில்லை. ஏரல் அண்ணாச்சியின் சரக்குக் கடன், உப்பளத்து அம்மாவின் மழைக்காலக் கடன், இந்தப் படகுக்காரரின் முன்பணம் மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று முடிச்சுகள். ஆறும் வெயிலும் கடலும் தரும் நட்டத்தைவிட, அந்த நட்டத்தைச் சமாளிக்க நியாயமான கடன் கிடைக்காததுதான் இவர்களைச் சாய்க்கிறது. இதுவே இந்தப் பயணத்தில் நான் கண்டது.

தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதன்பின் சிப்பி தேறவில்லை. மூழ்கத் தெரிந்தவர்கள் சங்குக்குப் போனார்கள். இங்கே எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய், கல்யாணப் பெண்களின் கையில் வெள்ளை வளையலாகிறது. முன்பு மூச்சடக்கி மூழ்கியவர்கள், இப்போது படகில் கம்ப்ரஸரை ஓடவிட்டு, அதன் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க சங்குகுளி ஒருவர் இடது காதில் பஞ்சு வைத்திருந்தார்.

"ஆழத்துல இருந்து வெரசா மேல வந்தா உடம்பு இழுத்துக்கும் அக்கா. எங்கூட வந்தவன் இப்ப நடக்க மாட்டான். முன்ன கடல் அட்டையும் எடுத்தோம். 2001ல அதத் தட பண்ணிட்டாங்க. தட சரிதான்னு வச்சுக்கிட்டாலும், எங்களுக்கு வேற வழி யாரும் காட்டலியே."

கடலைக் காக்கும் சட்டம் தேவை, சந்தேகமில்லை. பவளப்பாறைகளைக் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் வெட்டியதில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கியேவிட்டன. தூத்துக்குடிக்கு அருகே உள்ள வான் தீவைக் காக்கக் கடலுக்கடியில் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியிருந்தது. ஆனால் கடலைக் காக்கும் செலவை, கடலிடமிருந்து மிகக் குறைவாகப் பெற்றவரிடமே வசூலிப்பது நியாயமாகாது.

தெருவின் மறுபக்கம் பக்கிள் ஓடை. நகரத்துக் கழிவையெல்லாம் சுமந்துவந்து இங்கேதான் கடலில் சேர்கிறது. படகுகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கறுப்புத் தண்ணீர். காற்று திரும்பியபோது மூக்கைப் பொத்தினேன். என்னோடு நின்ற சிறுமி பொத்தவில்லை, பழகியிருந்தாள். அவளுடைய அக்கா இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறாளாம். "ஐஸ்ல கை மரத்துப்போகும், ஆனா சம்பளம் தேதிக்கு வந்துரும்" என்றார் தாய். தேதிக்கு வரும் சம்பளம் என்ற சொல்லை அவர் உச்சரித்த விதத்தில் இருந்த நிம்மதி, நான் திருப்பூரில் தினமும் கேட்கும் நிம்மதி.

2018 மே 22 பற்றி யாரும் தாமாகப் பேசவில்லை. தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான அன்றும் மறுநாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒரு பெண் இந்தத் திரேஸ்புரத்தில் சுடப்பட்டவர். ஆலை மூடியதில் வேலை இழந்தவர்களும் இந்த நகரத்திலேயே இருக்கிறார்கள். காற்றா, கூலியா என்று ஏழையிடம் கேட்பதே கொடுமை. இரண்டும் அவருக்கு வேண்டும், இரண்டும் அவர் உரிமை.

சங்குகுளியின் மகன் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் படிக்கிறான். கார் கம்பெனியில் சேர ஆசை. "எங்க ஏரியா பேரச் சொன்னாலே யோசிக்காங்க" என்றான். அவன் எவரையும் குறைகூறிச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னான். எனக்குத்தான் மனம் கனத்தது. இரண்டாயிரம் ஆண்டாக இந்தக் கரையின் செல்வத்தை மூச்சடக்கி எடுத்துக்கொடுத்த வம்சத்துப் பையன். நகருக்கு அருகே எழும் தொழிலில் அவனுக்கு ஒரு நாற்காலி, அவன் தெருவுக்கு ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, அவன் தகப்பனுக்கு மருத்துவக் காப்பீடு, தாய்க்கு நியாய வட்டியில் கடன். இவை சலுகைகள் அல்ல, பழைய பாக்கி. அந்தப் பாக்கியைத் தீர்க்க ஏரலில் இருந்த சேர்மனைப் போல நேர்மையான அதிகாரம் போதும், அற்புதங்கள் தேவையில்லை.

திருப்பூர்

திரும்பிய அன்று இரவே விபூதியையும் மக்ரூனையும் கொடுக்கப் போனேன். அக்கா பீஸ் மூட்டையை வீட்டுக்கே கொண்டுவந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தார். விபூதியை எடுத்துப் பிள்ளைகள் நெற்றியில் பூசினார்.

"பாலத்துல வண்டி எல்லாம் போகுது அக்கா."

"போகுதா? நல்லது." சிறிது நேரம் கத்தரியின் சத்தம் மட்டும். பிறகு, தலை நிமிராமல், "கடையில இப்ப யாரு இருக்கா?"

"செல்போன் கடை போட்டிருக்காங்க."

"வியாபாரம் ஓடுதா?"

"கூட்டம் இருந்துச்சு."

"நல்லா இருக்கட்டும்" என்றார். "முன்னாடி ஷட்டர் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். எண்ணெய் விடச் சொல்லியிருக்கலாம்."